எழுந்த இடத்தில் இலை

என் மச்சான் செல்வத்துக்கு,

நீ இருந்திருந்தால் இதைப் போனிலேயே திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

நம் கணினி நிரலைப் பற்றிய கட்டுரை தயார். எழுதியவர்கள் பெயரில் நீ இல்லை. கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில், பொடி எழுத்தில் இருக்கிறாய். சிதம்பரத்தில் என் துறைத்தலைவர் சொன்ன காரணம்: "இல்லாதவரு எப்படிங்க கையெழுத்து போடுவாரு?" இருந்தபோது மட்டும் மதித்தாரா? கடலூரில் தனியார் கல்லூரி வாத்தியாரான உனக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டவர்தானே.

அந்த யோசனை ஸ்ரீமுஷ்ணத்தில், என் கல்யாணப் பந்தியில் பிறந்தது என்று அவருக்குத் தெரியுமா? குடிகாட்டுப் பெரியப்பா மட்டும் ரசத்தை நிதானமாகப் பிசைந்துகொண்டிருந்தார். மற்றவர்கள் கை காயக் காத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்கான கூட்டம். பெண்ணின் தம்பி நீ, சாம்பார் வாளியோடு கத்தினாய்: "முடிச்சவங்க எந்திரிங்க! எந்திரிச்ச எடத்துல எலையப் போடு!"

"பந்தியில பாதியில எழுப்புறியே, அறிவிருக்காடா?" என்றார் உன் அப்பா.

மறுவீட்டு விருந்தில் என்னை ஓரங்கட்டினாய். "மாமா, நம்ம கணக்கும் இப்படித்தான் மாட்டிக்கிட்டு நிக்குது." பெரிய சமன்பாடுகளைத் தீர்க்கும் வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தோம். எந்தப் பல்லுறுப்புக்கோவை நடுவில் ஊதிப் பெருகும் என்று முன்னால் தெரியாது. ஒன்று ஊதினால் மற்றக் கணினிகளெல்லாம் சும்மா நிற்கும். முடித்த கணினிக்கு உடனே அடுத்த வேலையைப் போடு என்றாய். அந்தப் பகுதிக்குப் 'பந்தி' என்றே பெயரும் வைத்தாய்.

ஆங்கில எழுத்தில் இருந்த அதைத் தலைவர் போன வாரம் 'பன்றி' என்று படித்தார். "இதுக்குள்ள எதுக்குங்க பன்னி மேயுது?" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்திருப்பாய், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அதை 'பேட்ச்', அதாவது கூட்டம், என்று மாற்ற வேண்டுமாம். கூட்டங்கூட்டமாகக் காத்திருப்பதை ஒழிக்கத்தானே நீ அதை எழுதினாய்? இதுகூடப் புரியாதவர் பெயர்தான் முதலில்.

உன் மேலும் கோபம்தான். நெஞ்சுவலியை வாயு என்று சொல்லிக்கொண்டு அலைந்தாயே, என்ன அவசரம்? நாங்களெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிட்டாய். உன் இடத்தில் யாருக்கு இலை போடுவது?

உன் அக்காளிடம் கட்டுரை விஷயத்தைச் சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் தம்பி பேரு இல்லாத எடத்துல உங்க பேரு எதுக்கு?"

என் சம்மதக் கையெழுத்து இல்லாமல் கட்டுரை போகாது. உன் பெயர் முதலில் வந்து, பந்தி பந்தியாகவே இருந்தால்தான் போடுவேன். அதுவரை உன் இடம் காலியாகவே கிடக்கும். உன் யோசனைக்கு இது நேர் விரோதம். இருக்கட்டும், அங்கே யாரையும் உட்காரவிடமாட்டேன்.

இன்னும் பந்தியில் இருக்கும்,
உன் அக்காள் புருஷன்
ராமலிங்கம்