வாய் நிறையப் பச்சரிசி

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் ஐந்து மாத வாண்டும் சுகந்தானே? இங்கே நாங்கள் மூவரும் நலம். தினமும் போனில் பேசிவிட்டுக் கடிதம் வேறயா என்பாய், மன்னித்துக்கொள். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நம் வீட்டின் முதல் பட்டதாரியாயிற்றே, என் வாய்க்கு வந்ததையெல்லாம் அப்படியே எழுதமாட்டாளாம்.

அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. தையல் கூடத்தில் எனக்கு ஜன்னலோர மிஷின் கிடைத்துவிட்டது. போன ஞாயிறு வீடியோவில் நீ பேசிக்கொண்டே பச்சரிசியை அள்ளி அள்ளி மென்றாய். அப்படியே என்னை உரித்து வைத்த மாதிரி என்று நான் சிரித்தேன். உன் தங்கை சிரிக்கவில்லை. வாய் திறக்காதவள், ஆனால் அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. "இரும்புச்சத்து குறைஞ்சாலும் இப்படி அரிசி தின்னத் தோணும்மா. அக்கா உதடும் வெளுத்திருக்கு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இவளைச் சுமந்தபோது நானும் டம்ளர் டம்ளராக அரிசி தின்றவள். குமட்டுகிறதென்று இரும்புச்சத்து மாத்திரைகளைத் துணிப்பெட்டியில் போட்டுவிட்டு, தவறாமல் சாப்பிடுவதாக நர்ஸம்மாவிடம் சொன்னேன். "வெளிக்குக் கறுப்பாப் போகுதா?" என்று கேட்டார். "சேச்சே, ஒரு மாத்தமும் இல்லைங்க" என்றேன் பெருமையாக. "அப்போ மாத்திரையை உங்க வீட்டுக்காரரா முழுங்குறாரு?" என்றார். ஆஸ்பத்திரி வரிசையே சிரித்தது. அந்த மாத்திரை போட்டால் கறுப்பாகத்தான் போகுமாம்.

மறுநாளிலிருந்து சாப்பிட்டேன், டீயோடு. டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாதாம், அப்போது யார் கண்டது. இவளுக்கு ஒரு வயது தாண்டியும் வெறும் பாலையே ஊட்டினேன். சோர்ந்தே கிடப்பாள், எழுந்து நிற்கவே நாளாயிற்று. அழாத சமத்துப்பிள்ளை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "இப்போ நல்லாத்தானே இருக்கேன், மேல சொல்லும்மா" என்கிறாள்.

மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போடு, குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு. டீயை இரண்டு மணி நேரம் தள்ளிக் குடி. கீரை, பயறு, முட்டை, ஈரல் எதையும் ஒதுக்காதே. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் தாய்ப்பாலோடு இவற்றை மசித்துக் கொடு. மூளை வளரும் வயதில் வெறும் பால் போதாது.

எங்கள் ஆசி உங்கள் மூவருக்கும் எப்போதும் உண்டு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சொல்லத் தயங்கிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ மாத்திரையை நிறுத்திவிட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. என்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கே போய் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி, ரத்தத்தைப் பார்க்கச் சொல்லம்மா.

உன் அம்மா