நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடிய தண்ணீர்

அக்கா,

இன்று காலை எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்தார்கள். ஏதோ அடைப்பாம். நான் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாடை மேலே ஏறியதும் பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நான் அசையவில்லை. எனக்கு உன் நினைப்பு வந்தது. செத்துப்போன ஓரகத்தியைச் சாக்கடை வாடையிலா நினைப்பாள் ஒருத்தி என்று நீ கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள். எனக்கும் உனக்கும் ஆரம்பித்ததே அதில்தான்.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் நாம். உன் வீட்டுக்காரர் டவுனுக்குக் குடிபோய் முனிசிபாலிடி கவுன்சிலர் ஆனார். என் வீட்டுக்காரர் ஊரிலேயே இருந்து பஞ்சாயத்துக்குத் தலைவராக, சர்பஞ்சாக ஆனார். உன் மூத்தவளின் ஞானஸ்நான விருந்துக்கு நான் வேர்க்கடலை மூட்டையோடு நடந்து வந்தேன். அடுப்படியில் நீ உன் தங்கையிடம் சொன்னதைக் கதவோரம் நின்று கேட்டேன். "ஊர்லருந்து இவங்க வந்தாலே வூட்ல ஒரு வாடை." நான் சாப்பிடாமலே திரும்பிவிட்டேன். அன்றைக்கு நீ கட்டியிருந்த புடவையின் கரைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. பச்சை.

வாடை எங்களுடையது இல்லை அக்கா. டவுனின் கழிவெல்லாம் ஓடை வழியாக இறங்கி எங்கள் குடிதண்ணீர்க் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் தேங்கும். கிணறு கெட்டுப்போனது. என் சின்னவன் காமாலையில் படுத்தான், பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் படுத்தன. நல்ல தண்ணீருக்கு ஊரின் அந்தப் பக்கம் ஆற்று மணலைக் கடந்து போய் ஊற்றுத் தோண்டிக் கொண்டுவந்தோம். முனிசிபாலிடியில் போய்ச் சொன்னால், ஓடை உங்கள் ஊர் எல்லையில் இருக்கிறது, பஞ்சாயத்து சமிதி ஆபீசுக்குப் போங்கள் என்றார்கள். சமிதியில் போய்ச் சொன்னால், கழிவு டவுனுடையது, "அதி மா லிமிட்ஸ் காதம்மா" என்று தெலுங்கில் கைவிரித்தார்கள். அவர்கள் எல்லை இல்லையாம். யாருடைய எல்லையிலும் இல்லாத தண்ணீர்தான் எங்கள் கிணற்றில் ஊறிக்கொண்டிருந்தது.

அந்தக் கோடையில் டவுனில் குழாய் வறண்டது. எங்கள் ஆற்றில் பெரிய கிணறு வெட்டி, எங்கள் ஊர் வழியாகவே பைப்பு கொண்டுபோக வேண்டும் என்று உன் வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார். நேரில் வரவில்லை. தம்பியிடம் கேட்க அண்ணனுக்குக் கூச்சம். என் வீட்டுக்காரர் வந்தவரிடம் சொல்லி அனுப்பினார்: "நீங்க எங்களுக்கு சாக்கடை அனுப்புவீங்க, நாங்க உங்களுக்கு நல்ல தண்ணி அனுப்பணுமா? மொதல்ல அத நிறுத்தச் சொல்லு." அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே டவுன் கோயிலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள்.

அறுப்பின் பண்டிகை வந்தது. எல்லாரும் முதல் விளைச்சலைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைத்தார்கள். நெல், பூசணி, கேழ்வரகு, கால் கட்டிய சேவல். நான் ஒரு குடம் வைத்தேன், வாயைத் துணியால் கட்டி. ஆராதனை முடிந்து வாசலில் காணிக்கைகளின் ஏலம் தொடங்கியது. என் குடத்தின் முறை வந்தபோது ஏலம் விடுகிற பெரியவர் துணியை அவிழ்த்தார், அப்படியே இரண்டடி பின்னால் போனார். எங்கள் கிணற்றுத் தண்ணீர். இதை எதற்கம்மா கொண்டுவந்தாய் என்று கேட்டார்.

"எங்க நெலத்துல இந்த வருசம் இதான் வெளஞ்சிது" என்றேன்.

டவுன் பெண்கள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். போதகர் வானத்தைப் பார்த்தார். அப்போது நீ எழுந்தாய். பட்டுப்புடவையோடு என்னைப் பார்த்து வந்தாய். கன்னத்தில் அறையப்போகிறாய் என்றுதான் நினைத்தேன், நானும் தயாராகத்தான் நின்றேன். நீ என்னைத் தாண்டிப் போய் ஏலக்காரரிடம், "யாரும் கேக்கலன்னா எனக்கே போடுங்க. எங்க வூட்லருந்து போனது தானே" என்றாய்.

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாய். தளும்பியது பட்டில் வழிந்தது. துடைக்கவில்லை. கடைவீதி நடுவில், பழக்கப்பட்டவள் மாதிரி, குடத்தோடு நடந்து வீட்டுக்குப் போனாய். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிச்சத்தை உன் மகள் பிறகு சொன்னாள். கவுன்சிலர்கள் வந்து உட்காரும் கூடத்தில், நாற்காலிகளுக்கு நடுவில் அதை வைத்தாயாம். உன் வீட்டுக்காரர் கத்தினாராம். "சின்னவ இத பக்கத்துல வெச்சிக்கினுதான் சோறு துன்றா. நீங்களும் துன்னுங்க" என்று இலை போட்டாயாம். அதைத் தொட்டு வெளியே கொட்ட அந்த வீட்டில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. வந்த கவுன்சிலர்கள் வாசலோடு திரும்பினார்கள். வாரம் முடிவதற்குள் உன் வீட்டுக்காரர் சைக்கிளில், பஞ்சாயத்துக் கூட்டம் நடந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் முனிசிபாலிடியும் சமிதியும் ஒரே ஜீப்பில் சித்தூருக்குப் போய் கலெக்டரைப் பார்த்தன. ஆற்றுத் தண்ணீர் டவுனுக்கு, அதே பைப்பில் எங்களுக்கும் குழாய். டவுன் கழிவு இனி மூடிய குழாயில், எங்கள் தெருவுக்கு அடியில் இறங்கி, ஊருக்கு அப்பால் புறம்போக்கில் மாட்டுப்புல் வளர்க்கப் பாயும் என்று முடிவானது.

அந்த வேலையை நான் சோறு வடிக்க மறந்து பார்த்தேன். இரும்புப் பைப்பை இரும்புப் பைப்புக்குள் நுழைத்து, சணல் திணித்து, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினார்கள். வெள்ளி மாதிரி ஓடி வளையலாக உறைந்தது. கழிவுக்குப் போட்ட குழாய்கள் ஊறுகாய் ஜாடிபோல் பளபளத்தன, அதுவும் எதற்கு, சாக்கடைக்கு. பள்ளத்தில் கிடக்கிற ஆறு, டவுன் மேட்டில் நிற்கிற தொட்டிக்கு ஏறியது. ஆறு ஏறும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எங்கள் குழாயைத் திறந்த அன்று நீயும் வந்தாய். முதலில் காற்று இருமியது, துருத் தண்ணீர் துப்பியது, பிறகு கண்ணாடி மாதிரி கொட்டியது. குனிந்து கையேந்திக் குடித்தாய். அருகில் வந்து மெதுவாகக் கேட்டேன், அன்னிக்கு இன்னாத்துக்குக்கா அத தூக்குன என்று.

"பின்ன, வாடை யாருதுன்னு எனக்குத் தெரியாதா" என்றாய்.

அது மன்னிப்புக் கேட்டது ஆகாது. நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அடுப்படிப் பேச்சு இன்றைக்கும் என்னிடம் அப்படியே இருக்கிறது, நீ குடத்தோடு நடந்த நடையும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்று வந்து இன்னொன்றை அழித்துவிடவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போன அன்று உன்னைக் குளிப்பாட்ட ஓரகத்திதான் வேண்டும் என்று உன் மகள் என் கையைப் பிடித்தாள். உன் முற்றத்துக் குழாயைத் திறந்தேன். எங்கள் ஆறு, குளிர்ந்து வந்து வாளியில் விழுந்தது. உன் தலையிலிருந்து ஊற்றினேன். அது உன் காலைத் தொட்டு, தூம்பில் சுழன்று, கீழே இறங்கியது. எந்த வழியாகப் போகும் என்று எனக்குத் தெரியும். உன்னை அடக்கம் செய்துவிட்டு நான் நடந்து வீடு சேர்வதற்குள், என் வாசலுக்கு அடியில், ஒரு சத்தமும் இல்லாமல் அது என்னைத் தாண்டிப் போயிருக்கும்.