மூன்றாவது காற்றாலையின் சாவி

ஜூன் 3, செவ்வாய்

இன்று மானம் போயிற்று. மகள் வேலை செய்யும் காற்றாலைத் தளத்துக்குப் போயிருந்தேன். அவளுடைய சூப்பர்வைசரம்மாவிடம், எல்லாம் தெரிந்தவன் போல, "இவ்வளவு பெரிய ஃபேனைச் சுத்த வைக்க எவ்வளவு கரண்டும்மா ஆகுது?" என்று கேட்டுவைத்தேன். அந்தம்மா இருமிச் சமாளித்தார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பா, இது காத்தைத் தின்னுட்டு கரண்டு குடுக்கும்!"

முப்பது வருஷமாக ஃபேன் ரிப்பேர் செய்கிறவன். தலைகீழாகவே யோசித்திருக்கிறேன்.

ஜூன் 4, புதன்

சாப்பிடும்போது கரண்டியை வைத்து விளக்கினாள். இறக்கை நிமிடத்துக்குப் பதினைந்து சுற்றுதான் சுற்றுமாம். கியர்பெட்டி அந்த வேகத்தை ஆயிரத்துக்கு மேல் ஏற்றி ஜெனரேட்டரிடம் கொடுக்கும். காற்று வரும் பக்கம் தலை திரும்பும். காற்று வெறி பிடித்தால் இறக்கை ஒருக்களித்துக்கொண்டு அதை வழுக்கிப் போகவிடும். எல்லாம் புரிந்தது. எண்பது மீட்டர் ஏணியில் இவள் ஏறுவதுதான் புரியவில்லை. ஸ்டூலில் ஏறினாலே எனக்குக் கால் ஆடும்.

"நீ மேல இருக்கும்போது எவனாவது ஸ்விட்சைப் போட்டுட்டா?"

"கீழ ஸ்விட்சுல என் பூட்டைப் போட்டுட்டுத்தான் ஏறுவேன். சாவி ஒண்ணுதான். என் பையில இருக்கும்."

ஜூன் 10, செவ்வாய்

நேற்று மழைக்குப் பயந்து அவசரமாக இறங்கியவள் பூட்டைக் கழற்ற மறந்துவிட்டாள். இன்று சாவியைக் காணோம். வீட்டையே புரட்டிப் போட்டோம். நல்ல காற்று. மூன்றாவது காற்றாலை மட்டும் சும்மா நிற்கிறது.

ஜூன் 11, புதன்

துணி துவைப்பது என் இலாகா. காலையில் அவள் வேலைக் கோட்டை உதறினேன். ஏதோ கிணுகிணுத்தது. பை ஓட்டை வழியாக உள்துணிக்குள் இறங்கிக் கிடக்கிறது சாவி!

கூப்பிட வாயெடுத்தேன். அடுக்களையில் அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைக்கலன்னா பூட்டை வெட்டிருவாங்க. என்னை இனிமே ஏத்த மாட்டாங்கம்மா. ஆபீஸ்ல உக்கார வெச்சிருவாங்க."

ஆபீஸ். நாற்காலி. தரையில் நான்கு கால் —

சாவி என் சட்டைப் பைக்குப் போய்விட்டது. நானெல்லாம் என்ன மனுஷன்?

ஜூன் 12, வியாழன்

கடையில் ஒரு ஃபேனுக்கு வயரை இடம் மாற்றி மாட்டி, தலைகீழாகச் சுற்றும்படி கொடுத்துவிட்டேன். "அண்ணே, காத்து மாடி வீட்டுக்குப் போகுது" என்றார் வாடிக்கையாளர்.

சாயங்காலம் மகள் சாப்பிடவில்லை. மாடியில் நின்று, சுற்றாத அந்த ஒரு காற்றாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் வேலையும் நல்லதுதானேம்மா என்றேன், வெட்கமில்லாமல்.

"எனக்கு மேல பயமே இல்லைன்னா நினைக்கிறீங்க? பயம் வந்தா பையைத் தொட்டுப் பாப்பேன். சாவி இருக்கும். யாராலயும் ஓட்ட முடியாதுன்னு தெம்பு வரும். அதையே தொலைச்சுட்டேனேப்பா."

அவள் தொட்டுப் பார்க்கிற சாவி. என் பையில். நெஞ்சைச் சுட்டது.

கீழே இறங்கி, வாஷிங் மெஷின் பின்னால் மண்டியிட்டு, "கிடைச்சிருச்சு!" என்று கத்தினேன். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் அம்மா மட்டும், "காலையிலதான் அங்க பெருக்கினேன்" என்றாள். என்னைப் பார்த்தாள்.

ஜூன் 13, வெள்ளி

மதியம் மூன்றாவதும் சுற்றியது. எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்களாம். திங்கட்கிழமை மறுபடி ஏறுகிறாள்.

கோட்டுப் பைக்கு இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். "நீங்க தேடலன்னா என் வேலையே போயிருக்கும்ப்பா" என்றாள். மெதுவாக ஏறு, தண்ணீர் எடுத்துக்கொள், இறங்கியதும் பூட்டைக் கழற்று என்று எல்லாம் சொன்னேன்.

புதன் காலையிலிருந்து அந்தச் சாவி என் பையில்தான் இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.