மாலியைக் கோயிலில் விட்டார்கள்

சோன்புரி

அம்மாவின் பாதத்தில் தலைவைத்து வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நாங்கள் நலம்.

மாலிக்கு வீடு கிடைத்ததாக எழுதியிருந்தேனே, அது கெட்டுவிட்டது. பதறாதே, சின்ன விஷயம்தான். பின்னங்கால் விளங்காத நாய்க்கு இங்கே இடமில்லை என்று அறையை வாடகைக்கு விட்டவர் சொன்னதால்தான் வாஸனா அக்காவிடம் கொடுத்தேன். பெரிய வீடு. மாலை போட்டுப் படமெல்லாம் எடுத்து வாங்கிப்போனார்.

நேற்று பௌர்ணமி. பிக்குகளுக்குச் சோறு கொண்டுபோனால், கோயில் வாசல் சிமெண்டில் உடம்பை இழுத்து இழுத்து என்னிடம் வருகிறது மாலி. தொடையில் தோலே இல்லை. உடனே அக்காவுக்கு போன் போட்டேன்.

“பொறந்தநாளுக்கு மீன ஆத்துல விடுறோம்ல தங்கச்சி, அதுமாதிரி கோயில்ல விட்டேன். ரெண்டும் புண்ணியந்தானே?”

“மீன் நீந்திப் போயிடும்க்கா. இது எங்க போகும்?”

போனை வைத்துவிட்டார். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த கிழ பிக்கு சிரித்தார்.

“எல்லாரும் புண்ணியத்த மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்கம்மா.”

ஞாயிறன்று உன் மருமகன் மாலியை பஸ்ஸில் கொண்டுவருவார். தூண்மேல் நிற்கும் நம் வீட்டின் அடியில் மண்தரை, உடம்பு தேயாது. தாமரைப் பூவுக்கு ஒதுக்கும் காசை இனி அதன் மருந்துக்கு அனுப்புகிறேன். புத்தர் கோபிக்க மாட்டார். காலையில் கொஞ்சநேரம் அதனிடம் ஏதாவது பேசு. அவர் வேலைக்குப் போனபின் நான் பேசியதெல்லாம் அதனிடம்தான்.

அடுப்பில் சோறு பொங்குகிறது, முடிக்கிறேன். ஊரில் கேட்டால் சோம்போனுடைய நாய் என்று சொல். புண்ணியத்துக்கு வளர்ப்பதாக மட்டும் சொல்லிவிடாதே.

உன் மகள்
சோம்போன்