படத்தைத் திருப்பிக் கொடுத்த நிருபருக்காக

அனுப்புநர்
பேருந்து இருக்கைகளுக்கு உறை தைப்பவர்,
(துணிக்கடை லிஃப்ட் விபத்தில் இறந்த பெண்ணின் தந்தை)
பணிமனைக்குப் பின்புறச் சந்து, மாடி வீடு.

பெறுநர்
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம்.

பொருள்: மாலை நாளிதழ் ஒன்றின் விபத்துச் செய்தி நிருபரைப் பணிநீக்கம் செய்ததை ரத்து செய்யவும், அவருடைய மனநோய் வேலையால் வந்தது என்று பதிவு செய்யவும் கோருதல்.

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

அந்த நிருபருக்கு நான் உறவுமில்லை, நண்பனுமில்லை. தங்கள் முன் நாளை நடக்கும் அவருடைய விசாரணையில் பேச எனக்கு உரிமை உண்டா என்றும் தெரியவில்லை. ஆனால் அவர் செய்ததாகச் சொல்லப்படும் குற்றம் நடந்தது என் வீட்டுக் கூடத்தில். அதனால் எழுதுகிறேன்.

சென்ற மாதம், எங்கள் ஒரே மகள் வேலை பார்த்த துணிக்கடையில் சரக்கு லிஃப்ட் கம்பி அறுந்து விழுந்தது. அதில் அவள் இறந்துபோனாள். கடைக்காரர்களோ காவல்துறையோ எங்களிடம் வந்து சொல்வதற்கு முன்பே நிருபர் வந்துவிட்டார். அவளுடைய படத்தை வாங்கி வரும்படி பத்திரிகையில் அவரை அனுப்பியிருந்தார்கள்.

கதவைத் திறந்தவள் என் மனைவி. நிருபர் கடையின் பெயரைச் சொல்லி, இந்த வீடுதானா என்று கேட்டார். கடையிலிருந்து வந்தவர் என்று நினைத்து, "உள்ள வாங்க தம்பி, அவ வேலைக்குப் போயிருக்காளே" என்று சிரித்தபடி அழைத்தாள். எங்களுக்குச் செய்தி தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். முகம் வெளிறிப்போயிற்று. வெயிலில் வந்ததால் என்று எண்ணி நான் நாற்காலியைக் காட்டினேன்.

மகளைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் என் மனைவிக்கு வேறெதுவும் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த நாளில் சீருடையோடு எடுத்த படத்தை ஆல்பத்திலிருந்து உருவி அவர் கையிலேயே கொடுத்தாள். "சிரிடின்னா முறைப்பா. கஸ்டமர்கிட்ட எப்படித்தான் பேசுறாளோ" என்றாள். அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது, எடுக்கவில்லை. பிறகு, "பத்திரமா வச்சுக்கங்கம்மா" என்று இரண்டு கைகளாலும் நீட்டினார். 'படம் பெறத் தவறினார்' என்று பத்திரிகை நிர்வாகம் எழுதியிருப்பது சரியல்ல. கைக்கு வந்த படத்தை அவர் திருப்பிக் கொடுத்தார் என்பதே உண்மை.

அவர் எழுந்து போகவும் இல்லை, எதையும் சொல்லவும் இல்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்ததைக் குடிக்கவில்லை. கடை மேலாளரும் காவலர் ஒருவரும் படியேறி வரும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர்கள் சொன்னதும் விழப்போன என் மனைவியைத் தாங்கிப் பிடித்தவர் அவர்தான். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று என் மைத்துனருக்கு இன்றும் அவர்மேல் கோபம். எனக்கும் சில நாள் இருந்தது. இப்போது இல்லை. அவர் வாய் திறந்திருந்தால் அந்த அரைமணி நேரம்கூட எங்களுக்குக் கிடைத்திருக்காது. என் மனைவி மகளைப் பற்றிச் சிரித்துப் பேசியது அன்றோடு சரி.

அவருக்கு வேலை போன செய்தியை நிருபருடைய மனைவி சொல்லித்தான் அறிந்தோம். கணவருக்காக மன்னிப்புக் கேட்க வந்தவர், எங்களோடு சேர்ந்து அழுதுவிட்டுப் போனார். மறுவாரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மணியை அடித்தும் கதவு திறக்கவில்லை. கடைக்குப் போயிருந்த அவர் மனைவி திரும்பும் வரை படியிலேயே நின்றேன். அழைப்பு மணி கேட்டால் நிருபர், பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கதவுப் பக்கம் வருவாராம். அவர்கள் பள்ளியில் இருக்கும் நேரமானால் திறப்பதே இல்லையாம்.

எமன் பின்னாலேயே போய் நிற்பார் என்று அலுவலகத்தில் அவருக்கு 'எமன் தம்பி' எனப் பட்டப்பெயராம். பாராட்டித்தான் வைத்திருக்கிறார்கள். "அவங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி போனா படம் சுலபமா கிடைக்கும். பரிசு விழுந்திருக்குன்னு சொல்லு" என்பது மேலதிகாரி சொல்லிக்கொடுத்த பாடம். அப்படிச் சொல்லியும் வாங்கியிருக்கிறார். ஒரு வீட்டில், பரிசு என்றதும் பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லி மகிழ்ந்தாளாம் ஒரு தாய். அதன் பிறகு அவருக்குத் தூக்கமே இல்லை. வேறு பிரிவு கேட்டார், விடுப்பும் கேட்டார். வேலை என்றால் எல்லோருக்கும்தான் அலுக்கும் என்று பதில் வந்தது. அம்மா, அலுப்பு எனக்கும் தெரியும். அலுத்துப்போய்த் தைத்தால் ஊசி விரலில் ஏறும், ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு தொடர்வேன். இந்த மனிதர் சாவு வீடுகளுக்கு முதல் ஆளாகப் போய்ப் போய் நொந்திருக்கிறார். இதற்கும் அலுப்பு என்றா பெயர்?

ஆகவே, பணிநீக்கத்தை ரத்து செய்து, இது வேலையால் வந்த நோய் என்று பதிந்து, சிகிச்சைக்குச் சம்பளத்தோடு விடுப்பு வாங்கித் தர வேண்டுகிறேன். குணமானபின் அவரை வேறு பிரிவில் வைக்கட்டும். வீட்டாருக்கு முறையாகச் செய்தி சொல்லும் முன் யாரையும் படம் கேட்டு அனுப்பக்கூடாது என்றும் தாங்கள் பத்திரிகைக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சாட்சி சொல்ல நானும் என் மனைவியும் நாளை வருகிறோம்.

படம் இல்லாததால் அன்றைய பதிப்பு மற்ற இதழ்களிடம் தோற்றது என்று பணிநீக்கக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். அதுதான் குறை என்றால், எங்கள் மகளின் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். என் மனைவியே எடுத்துக் கொடுத்தாள். போட்டுக்கொள்ளட்டும், அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கட்டும். இதற்கு வேறு பிரதி இல்லை. அச்சானதும் எங்களிடம் சேர்ப்பிக்கச் சொல்லுங்கள்.

இடம்: வீடு
நாள்: விசாரணைக்கு முந்தைய நாள்

இப்படிக்கு,
(கையொப்பம்) தந்தை
(கையொப்பம்) தாய்

இணைப்பு: படம் ஒன்று