ஒன்பதாம் எண் பிளாஸ்க்

இன்று காலை உன் பிளாஸ்க் திரும்பி வந்தது. மூடியைத் திருகியதும் விறகுப் புகை வாசம். உள்ளே கழுத்துவரை சாமை அரிசி. கொண்டுவந்த பெண் ஆஸ்பத்திரி வாசலில் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டே, "வெறுசா எப்படிக்கா குடுக்கறது?" என்றாள். அடியில் நீ நெயில் பாலிஷால் எழுதிய ஒன்பது இன்னும் அழியவில்லை.

கல்லூரி முடித்த பிறகும் நம் இருவரையும் பிரியாமல் வைத்தது அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுதான். ஞாயிறு தவறாமல் போவோம். கல்வராயன் மலையிலிருந்து வலி எடுத்ததும் பெண்கள் கட்டிய புடவையோடு இறங்கி வந்திருப்பார்கள். வெந்நீர் வாங்கி வைக்கக்கூடக் கையில் ஒன்றும் இருக்காது. நீ உன் அப்பாவின் பாத்திரக் கடையிலிருந்து பிளாஸ்க்குகளும், வீட்டிலிருந்து துவைத்த நைட்டிகளும், சோப்பும் கொண்டுவருவாய். மற்றதெல்லாம் அவர்களுக்கே. பிளாஸ்க் மட்டும் இரவல். குழந்தைக்கு எடை பார்க்க வரும் நாளில் திருப்பித் தர வேண்டும் என்று கறாராகச் சொல்லி அனுப்புவாய். எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது.

அதனால்தான் சின்னப்பொண்ணு ஊருக்குக் கிளம்பியபோது, நீ பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, "நீயே வச்சிக்கோம்மா" என்றேன். அவளுக்குத் தலைப்பிள்ளை. எடை குறைவு என்று பத்து நாளில் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் வரவில்லை. நீ கேட்டதும் நடந்ததைச் சொன்னேன்.

"பெரிய வள்ளலு இவ. கெளம்புடி."

பஸ் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியது. வெள்ளிமலையில் இறங்கி நடந்தோம். சின்னப்பொண்ணு வீட்டில் குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. நீ அதைப் பார்த்த பிறகும் குரலை மாற்றாமல், "எங்க பிளாஸ்க்கு எங்கம்மா?" என்றாய்.

"இந்தக்கா வச்சிக்கச் சொன்னாங்களே."

"இவ யாரு சொல்றதுக்கு? கட எங்க அத்தாவோடது. நீயே வந்து அவுரு கையில குடு. இப்பவே. கொழந்தயத் தூக்கிக்கோ, அப்பிடியே டாக்டருகிட்டயும் காட்டிறலாம்."

"எட ஏறல, திட்டுவாங்கன்னுதாங்க்கா வரல."

"அத நான் பாத்துக்கறேன். நீ பிளாஸ்க்க எடு."

திட்டுக்குப் பயந்து வீட்டில் இருந்தவள், அடுத்தவர் பொருளைத் திருப்பித் தர எழுந்து வந்தாள். பஸ்ஸில் ஒரு கையில் குழந்தை, மறுகையில் பிளாஸ்க். நீ என் காதருகில் சொன்னாய்: "சும்மா குடுத்தா நம்மளப் பாத்து ஒதுங்கிப் போவாங்கடி. திருப்பித் தர்றதுக்கு ஒண்ணு இருந்தா நிமுந்து வருவாங்க."

ஆஸ்பத்திரியில் குழந்தையைச் சில நாள் வைத்திருந்து தேற்றினார்கள். சொன்ன நாளில் ஏன் கூட்டி வரவில்லை என்று திட்ட வந்த நர்ஸிடம் நீதான் முன்னால் போய் நின்று திட்டு வாங்கிக்கொண்டாய். ஊருக்குப் போகும்போது சின்னப்பொண்ணு உங்கள் கடையில் பிளாஸ்க்கை நீட்டினாள். ஒன்றும் தெரியாத உன் அத்தா, "இன்னாம்மா இது?" என்றார். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து நீ கண்ணைக் காட்டினாய். "அடடே, இதத்தாம்மா தேடிக்கினு இருந்தேன்" என்றார் அவர். அந்தக் குழந்தை இப்போது ஏழாவது படிக்கிறாள்.

போன வருஷம் நீ படுக்கையில் இருந்தபோது இதே ஒன்பதாம் எண்ணில்தான் உனக்குக் கஞ்சி கொண்டுவந்தேன். ஒருநாள் கழுவி உன் அலமாரியில் வைக்கப் போனேன்.

"நீயே வச்சிக்கோடி" என்றாய்.

அத்தனை வருஷத்தில் நீ யாரிடமும் சொல்லாத வார்த்தை. இனிமேல் கேட்டு வர உன்னால் முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையில் போட்டுக்கொண்டேன். நீ போய்ச் சேரும்வரை நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆனால் நான் வைத்துக்கொள்ளவில்லை. சாமையை டப்பாவில் கொட்டிவிட்டு, வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்திருக்கிறேன். நாளை ஞாயிறு. யார் கையில் கொடுத்தாலும், எடை பார்க்க வரும்போது மறக்காமல் கொண்டுவா என்று கறாராகச் சொல்வேன்.