பின்னால் கட்டிய சைக்கிள்

இன்று காலை ஒருவன் வேப்பங்கொப்பை வெட்டித் தெருவோடு இழுத்துக்கொண்டு போனான். தார் ரோட்டில் பச்சை மரம் தேய்கிற வாசம் வீட்டுக்குள் வந்தது. குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எனக்கு எழுதத் தெரியாது, உனக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

"கல்யாணத்துக்கு முன்ன கடலப் பாத்துரணும்டா மாப்ளே. அவ வந்துட்டா தெருமுனைக்குக்கூட விடமாட்டா" என்றாய். ஐம்பதுகளில், ஏலக்காய் எடுப்பு முடிந்து சோலி இல்லாத நேரம் அது. போடியில் ஆளுக்கொரு வாடகை சைக்கிள் எடுத்தோம். போடிமெட்டுக்கு மலை ஏறி முடிக்கிற வரைக்கும் சைக்கிள் நம்மைச் சுமக்கவில்லை, நாம்தான் அதை நெஞ்சால் தள்ளிக்கொண்டு போனோம். அந்தப் பக்கம் இறங்கி, தோட்டம் துரவு, ஆறு எல்லாம் தாண்டி, வழி கேட்டுக் கேட்டுக் கொச்சிக் கடலில் போய் நின்றோம். முதல் அலையே உன்னைக் கவிழ்த்து முகத்தை மணலில் தேய்த்தது. மூக்கில் ரத்தத்தோடு எழுந்து, "யாருகிட்ட?" என்று கடலைக் கேட்டுவிட்டு மறுபடி உள்ளே ஓடினாய். கரையில் வலை காயப்போட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

திரும்பும்போது ஆத்தாவுக்கு ஒரு பை கருவாடும், மலை இறங்க ஒரு சுருள் தேங்காய் நார்க் கயிறும் வாங்கினாய். மெட்டிலிருந்து பிரேக்கை நம்பி இறங்கியவன் பள்ளத்தில்தான் கிடப்பான். இலையும் தழையுமாய் ஒரு கனத்த கொப்பைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தால்தான் சைக்கிள் சொன்னபடி கேட்கும். மெட்டுக்கு வந்ததும், எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் கொத்தரிவாளோடு ரோட்டோர மரத்தில் ஏறினாய். கொப்பு பாதி வெட்டுப்பட்டிருந்தபோது தோட்டத்துக் காவல்காரர்கள் இரண்டு பேர் கம்போடு வந்தார்கள்.

"நெழல் மரத்துல கை வச்சா ஏலம் கருகிரும்னு தெரியாது? எறங்குடா" என்றான் மூத்தவன்.

"ஒத்தக் கொப்புக்கா அண்ணே கருகப் போகுது? நாங்க உசுரோட எறங்க வேணாமா?"

"பையில என்ன, திருட்டுக் காயா?" என்று இளையவன் பையைக் கொட்டினான். கருவாட்டைப் பார்த்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "த்தூ, இந்த நாத்தத்தத் திங்கவா வந்தீக" என்று அதைக் காலால் பள்ளத்தில் தள்ளினான்.

"அது எங்காத்தாவுக்குடா" என்றபடி மரத்திலிருந்து அவன் மேலேயே குதித்தாய்.

விலக்கத்தான் நான் நடுவில் போனேன். மூத்தவன் உனக்கு ஓங்கிய கம்பு என் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. வலிக்கு முன்னால் சத்தம் கேட்டது, காய்ந்த விறகு முறிகிற சத்தம். நீயும் திரும்பிப் பார்த்தாய். என் பாதம் வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது. இளையவன் உன் முழங்காலுக்கடியில் கிடந்தான். அரிவாள் அவன் கழுத்துக்கு நேரே மேலே போனது. உன் கண்ணில் நான் இல்லை, யாருமே இல்லை.

"வேணாம்டா மாப்ளே. ஒனக்குக் கல்யாணம்டா" என்று கத்தினேன்.

அரிவாளைத் திருப்பி அதன் முதுகால் தோளில் ஒரு போடு போட்டாய். அவன் எலும்பும் முறிந்தது. மூத்தவன் விசில் ஊத, தோட்டத்துக்குள்ளிருந்து ஆட்கள் ஓடிவருவது தெரிந்தது. கொப்பு மரத்திலேயே தொங்கியது.

"என்னத்தடா பின்னால கட்டுவ?"

"ஒன் சைக்கிளத்தான்."

அதைச் சாய்த்துப் போட்டுக் கயிற்றால் உன் வண்டியில் கட்டினாய். என்னைக் கேரியரில் உட்காரவைத்து, என் வேட்டியைக் கிழித்து உன் இடுப்போடு இறுக்கினாய். ஜல்லி ரோட்டில் அந்த சைக்கிள் அலறிக்கொண்டே பின்னால் வந்தது. பெடல் கல்லைத் தட்டும்போதெல்லாம் பொறி பறந்தது. நாம் ஒரு வளைவைச் சுற்றி வருவதற்குள் அவர்கள் குறுக்குப் பாதையில் இறங்கி முன்னால் நின்றார்கள். வளைவுக்கு வளைவு கல் வந்தது. ஒரு கல் உன் நெற்றியைப் பிளந்தது. காற்றில் பறந்த உன் ரத்தம் என் வாயெல்லாம் உப்பாய் இருந்தது. பிரேக் கட்டைகள் கழன்று விழுந்தபின் இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தேய்த்துக்கொண்டே இறங்கினாய்.

அடிவாரத்து முந்தல் ஊரில் வண்டி நின்றபோது உன் குதிகாலில் தோல் இல்லை.

"செத்துட்டியாடா?"

"இல்ல."

"பெறகு ஏன்டா பேசாம வந்த? மலை பூரா நான் ஒத்தையாப் பயந்துகிட்டு வர்றேன்."

பயம் என்று உன் வாயில் வந்தது அந்த ஒரு தடவைதான்.

கயிற்றில் மிச்சமிருந்தது ஹேண்டில்பாரும் அரை வீலும். வாடகைக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "இத வச்சு ஏர் உழுதீகளாடா?" என்று கையை ஓங்கினார். என் காலைப் பார்த்ததும் ஓங்கிய கையாலேயே மாட்டு வண்டியைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எலும்பு கோணலாய்த்தான் கூடியது. அன்றிலிருந்து வலது காலை இழுத்துத்தான் நடக்கிறேன்.

போன மாதம் உன்னைத் தூக்கினார்கள். "மாமா, ஆட்டோல வாங்க" என்றான் உன் மகன். மாட்டேன் என்று பாடைக்குப் பின்னாலேயே நடந்தேன். தூக்கியதெல்லாம் இளவட்டங்கள், மழை வரும் என்று வெரசாய் எட்டு வைத்தார்கள். தெரு முழுக்க என் கால் சரசரவென்று தேய்கிற சத்தம். யாரோ திரும்பிப் பார்த்து, "மெதுவாப் போங்கப்பா, பெருசால முடியல" என்றார்கள். நடை தளர்ந்தது. அடுத்த திருப்பத்தில் மறுபடி வேகம் பிடித்தார்கள், மறுபடி என் சத்தம் கேட்டுக் குறைத்தார்கள்.

சுடுகாடு வரைக்கும் அப்படித்தான் மாப்ளே. வேகமாகப் போக உன்னை நான் விடவில்லை.